மண்ணா, மணலா? தாராவி ஞாயிறு வகுப்பில் வாசிப்பும் வடிகட்டியும்

#1 சயான்_அக்கா, ஞாயிறு மதியம் 2:10

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன். மூன்றாவதும் நாலாவதும் படிக்கிற 14 பிள்ளைகள். சிலர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, சிலர் இந்தி வழி, மற்றவர்கள் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் இறங்கினால் இந்தி. அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை தமிழ் வாசிக்க வேண்டும். அறையைக் கொடுத்தவர்கள் அறிவியல் செய்முறை கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறார்கள். சுற்றுச்சூழல் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆசை. மூன்றுக்கும் தனித்தனியாக நேரம் கிடையாது.

அதனால் தண்ணீர் வடிகட்டி செய்யலாம் என்று ஆரம்பித்தேன். பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, உள்ளே கரி, மணல், கூழாங்கல். குழாய்த் தண்ணீரில் ஒரு பிடி செடி மண்ணும் கொஞ்சம் டீத்தூளும் கலந்து கலங்கலாக்கினோம். முதல் வாரம் கரியைக் கழுவாமல் போட்டுவிட்டோம், தண்ணீர் மை போலக் கறுப்பாக வந்தது. இரண்டாம் வாரம் கழுவிப் போட்டார்கள், தேறியது. அப்புறம் ஒவ்வொரு குழுவும் செய்முறையைத் தாளில் எழுதியது. மூன்றாம் வாரம், அதாவது இன்று, தாள்களை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த குழுவின் தாளைப் படித்து, அதில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும். வாயால் எதுவும் கேட்கக் கூடாது.

ஒரு தாளில் 'மண் மூணு வெரல் ஒசரம் போடு' என்று இருந்தது. வாங்கிய குழு நேராக வாசலுக்குப் போய், துளசித் தொட்டியிலிருந்து மண்ணை அள்ளிப் போட்டது. ஊற்றிய தண்ணீரைவிட வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. எழுதிய குழு கத்தியது. தாளைப் பிடித்திருந்த பெண் அசையவில்லை. "மண்ணுன்னுதானே எழுதியிருக்க, படிச்சுப் பாரு" என்றாள்.

14 பேரும் அந்த ஒரு சொல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எழுதியவன், வகுப்பில் வாயே திறக்காதவன், பேனாவை வாங்கி ஒரு 'ல்' சேர்த்தான். 'மண்ல்' என்று வந்தது. உரக்கப் படித்தான். சரியாக வரவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் 'ண்' மேலிருந்த புள்ளியை அடித்தான். 'மணல்' என்று படித்தபோது அவன் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

என் கேள்வி இரண்டு. வாசிப்பை இப்படிச் செய்முறைக்குள் வைத்தே நடத்தலாமா, இல்லை தனியாக எழுத்து, சொல் என்று போக வேண்டுமா? பிள்ளைகள் 'வெரல்', 'ஒசரம்' என்று பேச்சு வழக்கில் எழுதுகிறார்கள். அதைத் திருத்த வேண்டுமா?

#2 முலுண்ட்_அப்பா, ஞாயிறு மாலை 5:25

நல்ல சம்பவம். ஆனால் நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் ஆறு வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் பாட்டு, பொம்மை, செய்முறை என்றுதான் போனேன். பிள்ளைகள் சந்தோஷமாக வந்தார்கள். ஐந்தாவதுக்குப் போனபோதும் பாதிப் பேருக்கு 'கொ', 'கோ' வித்தியாசம் தெரியவில்லை. 247 எழுத்து என்று சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம், நிஜமாகவே அவ்வளவு கற்க வேண்டியதில்லை. ட, ப, ம மூன்றும் புள்ளியும் கையில் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் முதல் நாளே படிக்கலாம். அப்புறம் துணைக்கால், கொக்கி. கொம்பு வரும்போதுதான் சிக்கல். எழுதும்போது முன்னால் வரும், ஒலிக்கும்போது பின்னால் வரும். 'கொ'வில் இரண்டு பக்கமும் நிற்கும். இதை யாராவது உட்கார்ந்து வரிசையாகச் சொல்லித் தர வேண்டும், வடிகட்டி சொல்லித் தராது.

இன்னொன்று. குழுவாகப் படிக்கும்போது நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளை படிப்பாள், மற்ற மூன்று பேர் தலையாட்டுவார்கள். உங்கள் 14 பேரில் எத்தனை பேருக்கு நிஜமாகவே வாசிக்கத் தெரியும்? தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

#3 மாதுங்கா_வாத்தியார், ஞாயிறு இரவு 8:50

மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முலுண்ட் தம்பி சொன்ன கடைசிக் கேள்வி மிக முக்கியம். அம்மா, அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற 'அசர்' கணக்கெடுப்பு 2005லிருந்து வருகிறதே, அதில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று நாலு படியாகப் படிக்கச் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். கேள்வித்தாள் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். எந்தப் படியில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆனால் எழுத்து முடிந்த பிறகுதான் செய்முறை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 'மண்ல்' என்று எழுதிப் பார்த்து, காதில் வாங்கி, புள்ளியை அடித்தானே, அந்தப் பையனுக்கு நான் ஒரு மாதம் மெய்யெழுத்துப் பாடம் எடுத்திருந்தாலும் அது அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. அவன் எழுதியதைப் படிக்க ஒருவர் இருந்தார். அதனால்தான் எழுத்துக்கு ஒரு அவசரம் வந்தது. பள்ளியில் பிள்ளை எழுதுவதை ஆசிரியர் மட்டும்தான் படிக்கிறார், அவரும் என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்தே படிக்கிறார்.

பேச்சு வழக்கைப் பற்றி. என் பழக்கம் இது: முதல் தாள் பிள்ளையுடையது, இரண்டாம் தாள் வாசகருடையது. முதல் தாளில் 'வெரல்', 'தண்ணி', 'ஒசரம்' எதையும் தொட மாட்டேன். கைவைத்தால் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிடும். செய்து பார்த்து, சரிசெய்த பிறகு, 'இதைத் திருச்சியில் இருக்கும் ஒரு பிள்ளை படிக்கப்போகிறது, தூத்துக்குடியில் ஒன்று படிக்கப்போகிறது, எல்லோருக்கும் புரிய எப்படி எழுதுவது?' என்று கேட்பேன். விரல், தண்ணீர், உயரம் என்று அவர்களே கொண்டுவருவார்கள். எழுத்துத் தமிழ் எதற்கு என்று அப்போது பிள்ளைக்கே காரணம் தெரியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒன்றரை மணியில் முதல் 25 நிமிடம் எழுத்துக்கும் வாசிப்புக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். செய்முறை எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது.

#4 செம்பூர்_அம்மா, திங்கள் காலை 6:40

என் மகன் மூன்றாவது. பள்ளியில் இந்தியும் மராத்தியும் படிக்கிறான், வீட்டில் நான் தமிழ் சொல்லித் தருகிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, தமிழ்நாட்டில் யாருக்கும் அது வராது. தேவநாகரியில் க-வுக்கு நாலு எழுத்து. தமிழில் ஒன்றுதான். "அம்மா, 'ga' எங்க?" என்று முதல் நாளே கேட்டான். எழுத்து குறைகிறது, யாரோ மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தான்.

விதியை நான் சொல்லவில்லை. 30 சொற்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, நான் வாசிக்க வாசிக்க அவனைக் காதால் பிரிக்கச் சொன்னேன். பட்டம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். பம்பரத்தில் முதல் ப ஒரு மாதிரி, இரண்டாவது ப வேறு மாதிரி என்று கண்டுபிடித்தபோது குதித்தான். இரண்டு நாளில் அவனே சொன்னான்: இரட்டையாக வந்தால் அழுத்தம், ம், ந், ங், ண் இவற்றுக்குப் பின்னால் வந்தால் மென்மை. சொல்லின் முதலில் வந்தால் அழுத்தம் என்றும் சொன்னான். அப்புறம் பஸ், பூமி, குரு மூன்றும் அந்த விதியில் அடங்கவில்லை. தூக்கிப் போடாமல் மூன்றாவது குவியல் போட்டு வைத்திருக்கிறான். இன்றுவரை அதில் சீட்டு சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இதுவும் அறிவியல்தானே? கவனிக்கிறான், பிரிக்கிறான், விதி சொல்கிறான், விதிக்கு அடங்காததைப் பத்திரமாக வைக்கிறான். அக்கா, உங்கள் 25 நிமிடத்தில் இதைச் செய்து பாருங்கள்.

#5 பாண்டுப்_ஃபில்டர், திங்கள் இரவு 9:15

சயான் அக்காவுக்கு வணக்கம். நான் வாசிப்பு பற்றிப் பேசத் தகுதி உள்ளவன் இல்லை, தண்ணீர் பற்றிப் பேசலாம். 7 ஏரிகளிலிருந்து மும்பைக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு பாண்டுப்பில்தான் சுத்தமாகிறது. அந்தத் துறையில் வேலை செய்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிள்ளைகள் மனதில் அழுத்தமாகப் பதியுங்கள். பாட்டில் வடிகட்டியில் வரும் தண்ணீர் தெளிந்த தண்ணீர், குடிக்கிற தண்ணீர் கிடையாது. கிருமி மணலில் நிற்காது. கொதிக்க வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இதைச் சொல்லாமல் விட்டால், எந்தப் பிள்ளையாவது வீட்டில் போய் 'நான் செய்த தண்ணி' என்று தம்பிக்குக் கொடுத்துவிடும். சாக்கடைத் தண்ணீரை எடுக்காமல் நீங்களே மண் கலந்தது ரொம்பச் சரி.

நிஜ ஆலையில் மணல் படுக்கை கடைசிக்கு முந்தைய கட்டம்தான். முதலில் படிகாரம் சேர்ப்பார்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு போலத் திரண்டு அடியில் இறங்கும். தெளிந்ததை மணல் வழியாக விடுவார்கள், கடைசியில் குளோரின். நம் ஊர்ப் பாட்டிகள் மண்பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றுவார்களே, அதுவும் இதே தெளிய வைக்கிற வேலைதான். சங்கப் பாட்டிலேயே உவமையாக வந்த சங்கதி. இரண்டு டம்ளரில் கலங்கல் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் சிட்டிகை படிகாரம் போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, 'தெளிவாக இருக்கு', 'கலங்கலாக இருக்கு' என்று சொல்வதில் சண்டைதான் வரும். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பாகம் சமமான கண்ணாடி டம்ளருக்கு அடியில் ஒரு எழுத்தை எழுதி வைத்து, மேலிருந்து பார்த்தபடியே தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எழுத்து மறையும் இடத்தில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். உயரம் கூடினால் தெளிவு கூடியிருக்கிறது. அந்தக் காலத்தில் மெழுகுவர்த்திச் சுடரைக் கண்ணாடிக் குழாய்க்கு அடியில் வைத்து இதே முறையில்தான் கலங்கலை அளந்தார்கள்.

#6 கோலிவாடா_வரைபடம், செவ்வாய் இரவு 11:30

நான் தாராவியில் வளர்ந்தவன், இப்போது பொருள் வடிவமைப்பில் வேலை. #1 படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். தெர்மாகோல் எரிமலை, தெர்மாகோல் வீடு. ஒருநாள் வைப்பார்கள், பரிசு கொடுப்பார்கள், மறுநாள் குப்பைக்குப் போகும். வேலை செய்யாத மாதிரிக்கு அங்கே இடமே இருக்காது. எனக்கு வடிவமைப்பு என்றால் என்னவென்று புரிந்தது 22 வயதில், முதல் வேலையில். நான் செய்த மூடி நாலு தடவை உடைந்தது, ஐந்தாவது நின்றது. அந்த நாலையும் மேலதிகாரி தூக்கிப் போட விடவில்லை.

அக்கா, உங்கள் வகுப்பில் மூன்று வாரமும் ஒரே வடிகட்டி. எனக்குப் பிடித்தது அதுதான். கறுப்புத் தண்ணீர் வந்த வடிகட்டியையும், தொட்டி மண் போட்டதையும் கழுவிவிடாதீர்கள். சீட்டு ஒட்டி ஜன்னலில் வையுங்கள். அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மணல் உயரத்தையும் கரி அளவையும் சேர்த்து மாற்றினால், எதனால் தெளிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், செய்வதற்கு முன்னால் வரையச் சொல்லுங்கள். மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறதே, 1974லிருந்து இயங்குகிறது, அவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு வடிவமைப்புப் பாடங்கள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். பை, எடை தூக்கும் காற்றாலை, பொம்மலாட்டம், மூன்றிலும் பிள்ளைகள் திட்டமிட்டு, வரைந்து, அப்புறம்தான் செய்வார்கள். வரைந்ததில் பெயர் எழுதுவது, அம்புக்குறி போடுவது, அளவு குறிப்பது எல்லாமே வாசிப்பு வேலைதான். ஒரு வரி முழுதாக எழுத வராத பிள்ளைகூட 'மணல்' என்று ஒரு அம்புக்குறிக்குப் பக்கத்தில் எழுதிவிடும்.

#7 சயான்_அக்கா, அடுத்த ஞாயிறு மாலை 4:00

எல்லோருக்கும் நன்றி. சொன்னதை முடிந்தவரை செய்து பார்த்தேன்.

முதலில் முலுண்ட் அண்ணாவுக்கு. தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். 14 பேரில் 5 பேர் கதை படிக்கிறார்கள், 4 பேர் பத்தி, 2 பேர் சொல். 3 பேர் எழுத்தில்தான் நிற்கிறார்கள். அந்த மூன்று பேரும் போன வாரம் தாளைச் சுற்றி உட்கார்ந்து தலையாட்டியவர்கள். ஒருத்தி என்னிடம் நாலு மாதமாக வருகிறாள். எனக்குத் தெரியவே இல்லை, ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. நீங்கள் கேட்காவிட்டால் இன்னும் நாலு மாதம் போயிருக்கும். அந்த மூன்று பேருக்கு ட, ப, ம ஆரம்பித்துவிட்டேன். 25 நிமிடமும் அவர்களோடு நான். மற்றவர்கள் 'ஸ்டோரிவீவர்' தளத்திலிருந்து அச்செடுத்த கதைகளை இரண்டிரண்டு பேராகப் படிக்கிறார்கள். அதில் தமிழ்க் கதைகள் நாலு நிலையாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன, பார்க்காதவர்கள் பாருங்கள்.

டம்ளர் அளவை. எந்த எழுத்தை வைக்கலாம் என்று கேட்டேன். ஒருவன் 'அ' என்றான். உடனே அந்தத் தாள் பிடித்த பெண், "எந்த எழுத்துன்னு முன்னாடியே தெரிஞ்சா, தெரியாட்டாலும் தெரியுதுன்னு சொல்லிருவான்" என்றாள். நல்ல கேள்வி. பத்து நிமிடம் வாதாடி அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூன்று சுழி 'ண' ஒரு சீட்டில், இரண்டு சுழி 'ன' ஒரு சீட்டில். ஒருவர் ஒன்றை மறைத்து டம்ளருக்கு அடியில் வைக்க வேண்டும், இன்னொருவர் சுழியை எண்ணிச் சொல்ல வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் சுழி தெரியும். வடிகட்டுவதற்கு முன் 4 சென்டிமீட்டரிலேயே தடுமாறினார்கள். வடிகட்டிய பிறகு டம்ளர் முழுக்க, 9 சென்டிமீட்டர், ஊற்றியும் சரியாகச் சொன்னார்கள். எழுத்தில் நிற்கும் மூன்று பேரும் இந்த விளையாட்டில் மற்றவர்களுக்குச் சமமாக நின்றார்கள். இனி அவர்களுக்கு ண, ன குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

சுற்றுச்சூழல் விஷயம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. பாட்டில் வெட்டும்போது ஒரு சின்னவள் மூடிகளைத் தனியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்றேன். "மூடியும் பாட்டிலும் ஒரே கோணியில போடக் கூடாதுக்கா, அப்பா திட்டுவாரு" என்றாள். அவள் அப்பாவுக்கு 13ஆம் காம்பவுண்டில், தாராவியில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற இடத்தில், வேலை. எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்டால், பக்கெட்டில் தண்ணீர் எடுத்து, வெட்டிய துண்டையும் மூடியையும் போட்டாள். மூடி மிதந்தது, பாட்டில் துண்டு முழுகியது. 13 பேரும் பக்கெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார்கள். இரண்டும் பிளாஸ்டிக்தானே, ஏன் ஒன்று மட்டும் முழுகுகிறது? வீட்டிலிருந்து பிளாஸ்டிக் துண்டுகள் கொண்டுவந்து மிதப்பது, முழுகுவது என்று பட்டியல் போடப்போகிறார்கள். பட்டியலின் தலைப்பை அவள்தான் எழுதுவாள், எழுத்தில் நிற்கும் மூவரில் ஒருத்தி.

#8 மாதுங்கா_வாத்தியார், ஞாயிறு இரவு 9:05

இதைப் படித்து மனது நிறைந்துவிட்டது, அம்மா.

1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்புறம் எத்தனையோ பாடநூல் வந்தது. பெரும்பாலும் 'குப்பை போடாதே, மரம் நடு' என்று பிள்ளைக்கு அறிவுரை. தாராவிப் பிள்ளைக்குக் குப்பையைப் பற்றி நாம் அறிவுரை சொல்வது நியாயமா? ஊர் தூக்கிப் போட்டதைப் பிரித்து மறுபடி பொருளாக்குகிற வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை. நீங்கள் கேட்டீர்கள்.

மழை விட்டதும் மாஹிம் நேச்சர் பார்க்குக்கு நடந்தே கூட்டிப் போங்கள். 37 ஏக்கர், ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம், 1994இல் பூங்காவாகத் திறந்தது. பக்கத்திலேயே மித்தி நதி. ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் தருகிற அதே விஹார் ஏரி நிரம்பி வழியும் தண்ணீரும் பவாய் ஏரியின் தண்ணீரும்தான் மித்தியாக ஓடி வருகின்றன என்பதை அங்கே நிற்கும்போது சொல்லுங்கள். பிள்ளைகள் மித்தியைச் சாக்கடை என்றுதான் நினைத்திருப்பார்கள். என் வகுப்பில் ஒரு வருடம் இதைச் சொன்னபோது ஒரு பையன், "அப்ப மேல நல்ல தண்ணியா இருந்தது எங்க வந்து கெட்டுப்போகுது சார்?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் பாடம் நடத்தினேன். தண்ணீரைத் தொட மட்டும் விடாதீர்கள்.

#9 முலுண்ட்_அப்பா, திங்கள் காலை 7:20

மூன்று பேரைக் கண்டுபிடித்ததற்கு நன்றி. மாதாமாதம் பாருங்கள், விட்டுவிடாதீர்கள். எழுத்து வரிசையாகப் போக வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் ண, ன விளையாட்டை நேற்று இரவே என் மகளோடு ஆடிவிட்டேன். வரும் சனிக்கிழமை எங்கள் வகுப்பில் செய்முறைத் தாள் மாற்றிக் கொடுப்பதையும் செய்யப்போகிறேன். எலுமிச்சைச் சாறு போடுவதில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

#10 சயான்_அக்கா, அதற்கடுத்த ஞாயிறு மதியம் 1:45

இரண்டாம் தாள் தயார். மூன்று பேர் சேர்ந்து எழுதியது, வாத்தியார் ஐயா சொன்னபடி திருச்சிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி. 'கோய்லா' என்று ஒருவன் எழுதியிருந்தான், அங்கே அது யாருக்கும் தெரியாது என்று அவர்களே 'கரி' ஆக்கினார்கள். அப்படியே தருகிறேன்:

'பாட்டிலைப் பெரியவர்களிடம் கொடுத்து வெட்டச் சொல்லவும். மூடியைத் தனியாக எடுத்து வைக்கவும். வாயில் துணி கட்டவும். கரியை உடைத்து ஐந்து தடவை கழுவவும். கழுவிய தண்ணீர் கறுப்பாக இருந்தால் இன்னும் கழுவவும். கரி இரண்டு விரல் உயரம். மணல் நான்கு விரல் உயரம். மணல் என்றால் வீடு கட்டுகிற மணல், செடி மண் இல்லை. மேலே சின்னக் கல். தண்ணீரை மெதுவாக ஊற்றவும். முதலில் வரும் ஒரு டம்ளரைக் கீழே ஊற்றிவிடவும். இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.'

பாண்டுப் அண்ணே, பிள்ளைகள் உங்களைக் கேட்கிறார்கள். ஆலையில் அவ்வளவு மணலையும் யார் கழுவுவார்கள் என்பது அவர்களின் கேள்வி. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வர முடியுமா?

#11 பாண்டுப்_ஃபில்டர், ஞாயிறு மாலை 6:30

வருகிறேன். மணலை வெளியே எடுக்காமலே கழுவுவார்கள், அடியிலிருந்து தண்ணீரும் காற்றும் தலைகீழாக விட்டு. பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், அவர்கள் பாட்டிலிலேயே செய்து காட்டலாம். ஒரு ரப்பர் குழாயும் படிகாரமும் கொண்டு வருகிறேன். டம்ளர் மட்டும் ஆறு எடுத்து வையுங்கள்.